கடதாசி ரொக்கெட் பொதி: ஜெமினித் தாள்களுக்காகவே வாங்கலாம்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பாடசாலைப் பொருள் விற்கும் கடைகளில், மாதிரிப் படங்களோடு சேர்த்துத் தொங்கவிட்டிருக்கும் நீளமான பொதி இது. உள்ளே 24 ஏ3 தாள், எல்லாம் 200 ஜீஎஸ்எம் மட்டை. அதோடு வெட்டுவதற்குக் கோடு போட்ட இரண்டு தடித்த காட்போட்டும் தமிழில் ஒரு சிறு கையேடும் இருக்கும். மனிதன் முதன்முதல் விண்ணுக்குப் போன 1961 தொடக்கம் சந்திரனில் இறங்கிய 1969 வரை வந்த ரொக்கெட்டுகளில் ஐந்து 1:144 அளவில். விண்ணோடங்களில் ஆறு 1:24 அளவில். விலையைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. இதே தாள்களை வெளியே ஏ3 கலர் பிரிண்ட் எடுத்தால் கூடத்தான் முடியும்.

தரம் 8 இலிருந்து மேலே உள்ள பிள்ளைகளுக்கும், விஞ்ஞான கூடத்தில் காட்சிக்கு வைக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் நல்ல பொதி. ஆனால் கையேட்டை அப்படியே நம்பிக் கட்டினால் சில இடத்தில் வரலாறு பிழைக்கும், சில இடத்தில் மட்டை பிழைக்கும். அவற்றைத் திருத்திக் கட்டும் வழி கீழே.

வெட்ட முன்னர்

சந்திரனுக்கு ஆட்களை ஏற்றிப்போன சட்டர்ன் 5 ரொக்கெட்டின் உண்மையான விட்டம் 10.1 மீற்றர். 1:144 இல் அது 7 சென்ரிமீற்றர். சுற்றளவு கிட்டத்தட்ட 22 சென்ரிமீற்றர். ஏ4 தாளின் அகலமே 21 சென்ரிமீற்றர்தான். அதனால்தான் பொதி ஏ3 இல் வருகிறது. ஒரு தாள் பழுதாகிவிட்டால் கொமினிகேசன் கடையில் கொடுத்து மறுபடி எடுக்கும்போது, "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தெரிவை எடுத்துவிடச் சொல்லிக் கேட்க வேண்டும். அது இருந்தால் ஓரம் விடுவதற்காகப் படம் 3 வீதம் சுருங்கும். பார்க்கத் தெரியாது. ஆனால் சுற்றளவில் ஆறு ஏழு மில்லிமீற்றர் குறைந்து, காட்போட் வளையங்கள் ஒன்றும் உள்ளே போகாது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் 100 மில்லிமீற்றர் கோடு ஒன்று அச்சடித்திருக்கிறார்கள். அடிமட்டம் வைத்து அதை அளந்த பிறகே காசு கொடுங்கள். எடுப்பதை லேசர் பிரிண்டாக எடுப்பது நல்லது. மைத்தெறிப்பு (இங்க்ஜெட்) அச்சில் பசையின் ஈரம் பட்டால் கறுப்பு மை ஊறி வெள்ளைப் பக்கத்துக்கு வந்துவிடும்.

பசைக்கு பைண்டர் கம் போதும். விரலால் பூசாமல், பழைய தொலைபேசி அட்டையால் இழுத்து மெல்லிய படையாகப் பூச வேண்டும். மாப்பசை காய்ச்சி ஒட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வன்னியில் அதைச் செய்தால் ஒரு மாரிக்குள் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் சட்டர்னின் இரண்டாம் படியை அரித்துவிடும். மடிப்புக் கோடுகளை மை முடிந்த குமிழ்முனைப் பேனையால் அடிமட்டம் வைத்து அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் மட்டை வெடிக்காது.

வொஸ்தொக், மேர்க்குரி

சோவியத்தின் வொஸ்தொக் ஓடம் உருண்டை. உண்மை விட்டம் 2.3 மீற்றர். பொதியில் அது 12 தோடம்பழச் சுளைகளாக வருகிறது. ஒவ்வொரு சுளையும் நடுவில் 25 மில்லிமீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் நீளம். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒட்டப் போனால் கடைசிச் சுளைக்கு இடம் காணாது. ஆறு ஆறாக இரண்டு அரைக்கோளம் செய்து, பிறகு நடுவில் மட்டைப் பட்டி வைத்துச் சேர்த்தால் பிசகாது. 1961 ஏப்ரல் 12 அன்று ககாரின் 108 நிமிடத்தில் உலகைச் சுற்றி வந்தது இந்த உருண்டைக்குள்தான். கடைசி 7 கிலோமீற்றர் உயரத்தில் அவர் ஆசனத்தோடு வெளியே எறியப்பட்டு, தன் பரசூட்டில் தனியே இறங்கினார். பொதியில் அந்த ஆசனம் தனித் துண்டாக இருப்பது நல்ல வேலை. எப்படி இறங்கினார் என்று பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்விக்கு அதுவே பதில்.

இதன் ரொக்கெட்டான ஆர்-7 இன் நாலு பக்கக் கூம்புகள்தான் பொதியிலேயே கடினமான பகுதி. கூம்பு நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் நுனி சப்பையாகும். ஒரு ஈர்க்கை நுனிவரை உள்ளே விட்டு, அதன் மேல் உருட்டி ஒட்டுங்கள்.

அமெரிக்காவின் மேர்க்குரி ஓடத்தை ஏற்றிய மேர்க்குரி-ரெட்ஸ்டோன் மிக எளிது. 25 மீற்றர் ரொக்கெட், மாதிரியில் பதினேழரை சென்ரிமீற்றர். நன்றாக வளர்ந்த ஒரு பனையின் உயரம்தான் அது. அதனால் கட்டி முடித்ததும் பக்கத்தில் 17 சென்ரிமீற்றரில் ஒரு கடதாசிப் பனை வெட்டி நிறுத்துங்கள். 1961 மே 5 அன்று ஷெப்பேர்ட் ஒரு பனையின் உச்சியில் இருந்தபடி 15 நிமிடம் போய் வந்தார் என்று பார்த்த உடனே விளங்கும். அதே பனையை சட்டர்ன் 5 இன் பக்கத்தில் வைத்தால் நாலரைப் பனை வேண்டும். ஷெப்பேர்ட் போய் வந்து 20 நாளில், மே 25 அன்று, பத்தாண்டு முடிய முன்னர் சந்திரனுக்குப் போவோம் என்று கென்னடி சொன்னபோது அமெரிக்காவுக்கு இருந்த மொத்த அனுபவம் அந்த 15 நிமிடம்தான். கையேட்டில் இந்த இரண்டு திகதியும் வெவ்வேறு பக்கத்தில் கிடக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும்.

அட்லஸ் ரொக்கெட்டை வளையம் வைக்காமல் சுற்றினால் கையில் பிடித்த இடத்தில் நசுங்கும். நசுங்கட்டும், ஒரு முறை பிள்ளைகளுக்குக் காட்டலாம். உண்மை அட்லஸும் அப்படித்தான்: துருப்பிடிக்காத உருக்குத் தகடு மிக மெல்லியது, உள்ளே அமுக்கம் இல்லாவிட்டால் தன் பாரத்திலேயே மடிந்துவிடும். 1962 பெப்ரவரி 20 அன்று கிளென் மூன்று முறை உலகைச் சுற்றப் புறப்பட்டது காற்றடித்து நிற்க வைத்த இந்தத் தகட்டின் மேல் இருந்துதான். காட்டிய பிறகு மூன்று வளையம் உள்ளே வைத்து ஒட்டிவிடுங்கள்.

ஜெமினியும் அஜீனாவும்

பொதியின் உயிர் இந்த ஐந்து தாளில் இருக்கிறது. சந்திரனுக்குப் போவதற்கு எந்த வழி என்று 1962 இல் முடிவெடுத்தபோது, முழு ஓடத்தையும் இறக்கி ஏற்றாமல், ஒரு சிறு கலத்தை மட்டும் இறக்கி, திரும்பி வந்து சந்திரனைச் சுற்றிக்கொண்டிருக்கும் தாய் ஓடத்தோடு சேர்வது என்று தெரிந்தெடுத்தார்கள். ஜோன் ஹூபோல்ட் என்ற பொறியியலாளர் விடாப்பிடியாக நின்று வாதாடிய வழி அது. அந்த முடிவோடு, இரண்டு ஓடங்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துப் பூட்டிக்கொள்ளாவிட்டால் வீரர்கள் திரும்பி வரவே முடியாது என்றாகிவிட்டது. அதைப் பழகிய இடம் இருவர் போகும் ஜெமினி ஓடம். 1965 மார்ச்சிலிருந்து 1966 நவம்பர் வரை, 20 மாதத்தில் ஆளோடு பத்துப் பயணம். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான மாதிரிகள் மேர்க்குரியிலிருந்து நேரே அப்பலோவுக்குத் தாவிவிடுகின்றன. இந்தப் பொதி தாவவில்லை.

இதில் அசையும் பகுதி ஒன்றே ஒன்று, அது பூட்டும் பகுதி. ஜெமினி தேடிப் பிடித்துப் பூட்டிக்கொள்ளும் ஆளில்லா இலக்குக் கலம்தான் அஜீனா. அதன் முகத்தில் உள்நோக்கிச் சரிந்த கூம்பு; அதன் விளிம்பில் வி வடிவ வெட்டு. ஜெமினியின் மூக்கில் ஒரு சிறு கம்பி. கம்பி வெட்டுக்குள் விழுந்தால்தான் இரண்டும் சரியான சுழற்சியில் பொருந்தியதாக அர்த்தம். உண்மையிலும் அப்படியேதான். மாதிரியில் அந்த வெட்டை வெளிவிளிம்பில் 6 மில்லிமீற்றரும் உள்ளே 2 மில்லிமீற்றரும் வருமாறு வெட்டச் சொல்கிறார்கள். உள் அகலத்தை ஒன்றரையாக வெட்டுங்கள். 2 இல் கம்பி ஆடும், பூட்டியது போல் இருக்காது. கம்பிக்குப் பொதியில் தரும் மட்டைத் துண்டு இரண்டு நாளில் மடிந்துவிடும். தென்னை ஈர்க்கின் தடித்த அடிப்பகுதியில் 18 மில்லிமீற்றர் வெட்டி, ஒரு சொட்டு சுப்பர் குளூ வைத்து நட்டால் வருடக்கணக்கில் நிற்கும். கூம்பின் உட்பக்கத்துக்கு மெழுகுதிரியை ஒரு தடவை தேய்த்து விடுங்கள். மூக்கு வழுக்கிக்கொண்டு போய், கம்பி வெட்டில் விழும்போது "டக்" என்று கேட்கும். அந்தச் சத்தத்துக்காகப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பூட்டிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

இரண்டையும் ஒவ்வொரு நூலில் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. நூலைக் கட்ட வேண்டிய இடத்தைக் கையேடு சொல்லவில்லை: ஜெமினிக்கு, வெள்ளை அடிப்பகுதியும் கறுப்புக் கூடும் சேரும் கோட்டிலிருந்து 1 சென்ரிமீற்றர் பின்னால். அங்கே கட்டினால் கிடையாக நிற்கும்.

1966 மார்ச் 16 அன்று ஜெமினி 8 இல் ஆம்ஸ்ட்ரோங்கும் ஸ்கொட்டும்தான் முதன்முதல் இப்படிப் பூட்டியவர்கள். அரை மணித்தியாலத்துக்குள் சேர்ந்த ஓடங்கள் உருளத் தொடங்கின. பழுது அஜீனாவில் என்று நினைத்து அதை விட்டு விலகினார்கள். விலகியதும் சுழற்சி கூடி, செக்கனுக்கு ஒரு சுற்று என்ற அளவுக்குப் போனது. ஜெமினியின் 8 ஆம் இலக்கச் சிறு உந்தி மூட முடியாமல் திறந்தபடி நின்றதுதான் காரணம். அஜீனாவின் பாரம் அதுவரை சுழற்சியை அடக்கி வைத்திருந்தது. அந்த உந்தித் தொகுதியை முழுதாக நிறுத்தி, வளிமண்டலத்துக்குள் திரும்பி வரும்போது பாவிக்க என்று மூக்கில் வைத்திருந்த உந்திகளால் ஆம்ஸ்ட்ரோங் ஓடத்தை நிறுத்தினார். அவற்றைத் தொட்டுவிட்டால் உடனே இறங்க வேண்டும் என்பது விதி. 11 மணித்தியாலம் ஆக முன்னரே பசிபிக் கடலில் இறங்கிவிட்டார்கள். மாதிரியில் உந்திகளுக்கு இலக்கமும் போட்டிருப்பதால் 8 ஐத் தொட்டுக் காட்டலாம். இந்த விலைக்கு இவ்வளவு நுணுக்கத்தை வேறெங்கும் எதிர்பார்க்க முடியாது.

விரும்பினால் மட்டும் கட்டச் சொல்லி, பாதி திறந்த மூடி ஒன்றும் தந்திருக்கிறார்கள். அது ஜெமினி 9 தேடிப் போன இலக்குக் கலத்தின் மூடி. முழுதாகக் கழன்று விழ வேண்டியது, கழற்றும் பட்டிகளைச் சரியாகக் கொழுவாமல் ரேப் போட்டு விட்டதால் இரண்டு தாடையாகப் பிளந்து நின்றது. பூட்ட வழியில்லை. ஜெமினி 9 இல் போன ஸ்டபோர்ட் அதைக் கோபங்கொண்ட முதலை என்றார். குளத்தங்கரைப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. கட்டாயம் கட்டுங்கள்.

ஒரு குறை. ஜெமினி 4 இல் மக்டிவிற் தன் ரொக்கெட்டின் கழன்ற படியை நோக்கி நேரே ஓட்டியும் கிட்டப் போக முடியாமல் போனதைக் கையேடு தொடவில்லை. முன்னால் போகிறதைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் சுற்றுப்பாதை உயர்ந்து, சுற்றி வரும் நேரம் கூடி, பின்தங்கிவிடுவோம். ஏ9 வீதியில் முன்னால் போகும் பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி அங்கே பிடிக்க முடியாது. கீழே இறங்கி, குறுகிய பாதையில் முந்தி, பிறகு மேலே வர வேண்டும். 1965 டிசம்பரில் ஜெமினி 6 உம் 7 உம் 30 சென்ரிமீற்றர் வரை நெருங்கி நின்றது இந்தக் கணக்கைப் படித்த பிறகுதான். ஒரு படமாவது போட்டிருக்கலாம்.

அப்பலோ ஓடமும் இறங்கு கலமும்

தாய் ஓடத்தில் வீரர்கள் இருக்கும் கட்டளைப் பகுதியின் கூம்பு நன்றாகப் பொருந்துகிறது. கதவு வெளியே திறக்கிற மாதிரி அச்சிட்டிருப்பதும் சரி. ஆனால் 1967 ஜனவரி 27 அன்று அப்பலோ 1 இல் கிரிஸம், வைற், சஃபி மூவரும் இறந்ததைக் கையேடு "தீ விபத்து" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடுகிறது. ஏவுதளத்தில் ஒத்திகை. அறைக்குள் தூய ஒட்சிசன், அதுவும் வெளி அமுக்கத்தை விடக் கூடுதலாக. உள் கதவு உள்நோக்கித் திறக்கும் வகை. தீ பிடித்ததும் உள்ளே அமுக்கம் ஏறி, கதவை எந்த மனிதப் பலத்தாலும் இழுக்க முடியாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டது. வழமையாகத் திறக்கவே 90 செக்கன் வேண்டிய கதவு அது. அதன் பிறகுதான் சில செக்கனில் வெளியே திறக்கும் ஒற்றைக் கதவும், ஏவும் நேரத்தில் 60 வீதம் ஒட்சிசனும் 40 வீதம் நைதரசனும் கலந்த வளியும் வந்தன. மாதிரியில் அந்தக் கதவை ஒட்டும்போது இதைச் சொல்லாமல் ஒட்டக் கூடாது. (கையேட்டில் ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்று போட்டிருப்பதையும் மாற்ற வேண்டும். எங்கள் பாடப்புத்தகத்தில் பிள்ளைகள் படிப்பது ஒட்சிசன், ஐதரசன்.)

சந்திரனில் இறங்கும் கலம்தான் பொதியின் பலவீனம். முழுக் கலமும் பொன் நிறம். உண்மையில் பொன் நிறப் படலம் சுற்றியது பெரும்பாலும் கீழ்ப் பகுதிக்குத்தான். வீரர்கள் நின்ற மேற்பகுதி சாம்பலும் கறுப்பும். மேற்பகுதித் துண்டுகளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே வர மடித்து, பென்சில் கரியைப் பஞ்சால் தேய்த்தால் சரியான நிறம் வரும். கீழ்ப் பகுதிக்கு அச்சடித்த பொன் நிறத்தை விட, சொக்கிலேட் சுற்றி வரும் பொன் தாளைக் கசக்கி விரித்து ஒட்டுவது எவ்வளவோ மேல்.

இரண்டாவது, நாலு காலின் அடியிலும் தரையைத் தொட்டுணரும் நீளக் கம்பி கொடுத்திருக்கிறார்கள். அப்பலோ 11 இன் கலத்தில் மூன்றுதான். ஏணி உள்ள காலில் இல்லை. இறங்குபவருக்கு ஆபத்தாகலாம் என்று எடுத்துவிட்டார்கள். ஏணிக் காலின் கம்பியை வெட்டிவிடுங்கள். மூன்றாவது, ஏணி பாதத்தட்டு வரை வருகிறது. உண்மை ஏணி அதற்கு முக்கால் மீற்றருக்குக் கிட்ட மேலேயே முடிந்தது. இறங்கும் அதிர்ச்சியில் கால் உள்ளே அமுங்கும் என்று இடம் விட்டிருந்தார்கள். ஆம்ஸ்ட்ரோங் மெதுவாக இறக்கியதால் கால் அவ்வளவாக அமுங்கவில்லை, அதனால் கடைசிப் படியிலிருந்து குதிக்க வேண்டியிருந்தது. மாதிரியில் கீழே 3 சென்ரிமீற்றர் வெட்டினால் சரி.

தாய் ஓடமும் இறங்கு கலமும் சேரும் இடம் தட்டையாக ஒட்டுகிற மாதிரி விட்டிருப்பது பெரிய ஏமாற்றம். ஜெமினிக்கு அவ்வளவு பாடுபட்டவர்கள் இங்கே கைவிட்டுவிட்டார்கள். உண்மையில் ஒரு பக்கம் நீட்டிய தண்டு, மறுபக்கம் அதை வாங்கும் குழிந்த கூம்பு. 1971 இல் அப்பலோ 14 ஐந்து முறை தவறி ஆறாவது முறைதான் பூட்டிக்கொண்டது. மீதி மட்டையில் 4 சென்ரிமீற்றர் விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டி, கால்வாசியை எடுத்துக் கூம்பாக்கி, கலத்தின் உச்சியில் தலைகீழாகப் பதியுங்கள். தாய் ஓடத்தின் மூக்கில் ஒரு ஈர்க்கு. அரை மணித்தியால வேலை.

சட்டர்ன் 5

110.6 மீற்றர், மாதிரியில் 77 சென்ரிமீற்றர். மூன்று படியும் கழன்று பிரியும். முதற் படியை மட்டும் இரண்டு துண்டாகத் தந்திருக்கிறார்கள். சேரும் கோடு நெளிந்து கோணலாய்க் கட்டினால் முழு ரொக்கெட்டும் சரியும். 63 மில்லிமீற்றர் பிவிசி குழாய் ஒரு முழம் எடுத்து, அதன் மேல் போம் சீற்றைச் சுற்றி 70 க்குச் சற்றுக் குறைவாக்கி, அதை அச்சாக வைத்து ஒட்டினால் நேராக வரும். ஒட்டியதும் குழாயை உருவிவிடலாம்.

படிகள் பொருந்தும் வளையங்கள் மாரியில் ஈரம் குடித்து இறுகும், சோளகம் வீசும் மாதங்களில் காய்ந்து தளர்ந்து, தூக்கினால் மேற்படி கழன்று விழும். கோடையில் பொருந்துகிற அளவுக்குக் கட்டி, உள் வளையத்தின் மேல் இன்சுலேசன் ரேப் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். தளர்ந்தால் இன்னொரு சுற்று, இறுகினால் ஒன்றை உரித்துவிடலாம்.

நிறத்திலும் ஒரு பிழை. முதற் படியில் இரண்டு தாங்கிகளுக்கு இடையே உள்ள பகுதியில் கறுப்புப் பட்டி போட்டிருக்கிறார்கள். அது ஏவுதளத்தைச் சோதிக்க 1966 இல் நிறுத்திப் பார்த்த 500எஃப் என்ற பறக்காத வண்டியின் நிறம். வெயிலில் கறுப்பு அதிகம் சூடேறியதால் பறந்த ரொக்கெட்டுகளில் அந்த இடத்தை வெள்ளையாக்கினார்கள். பல பழைய மாதிரிகளில் இருக்கும் பிழை இது. வெள்ளைத் தாளை 22 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி மேலே சுற்றி ஒட்டினால் முடிந்தது. யன்னல் வெயில் படும் இடத்தில் வைத்தால் அந்தக் கறுப்புப் பட்டிதான் முதலில் சூடேறிக் கிளம்பும் என்பதால், இரண்டு காரணத்துக்கும் சேர்த்து மூடிவிடலாம்.

அடியில் ஐந்து எஃப்-1 எந்திரக் கூம்பு. ஒவ்வொன்றும் வாயில் 26 மில்லிமீற்றர். நடுக் கூம்பை முதலில் ஒட்டுங்கள். வெளி நாலையும் ஒட்டிவிட்டால் நடுவுக்கு விரல் போகாது. மண்ணெண்ணெயும் திரவ ஒட்சிசனுமாக ஐந்தும் சேர்ந்து செக்கனுக்கு 13 தொன் அளவில் எரித்து, இரண்டரை நிமிடத்தில் முதற் படியை வெறுமையாக்கிவிடும்.

இல்லாதவை

சட்டர்ன் 1பி இல்லை. 1968 ஒக்டோபரில் அப்பலோ 7 ஐ 11 நாள் சோதிக்க ஏற்றியது அதுதான். சோவியத் பக்கம் வொஸ்தொக்கோடு நின்றுவிடுகிறது. லியோனொவ் 1965 இல் முதன்முதல் வெளியே மிதந்த வொஸ்கொட் 2 இல்லை, சோயுஸ் இல்லை, சந்திரனுக்கென்று கட்டிய, 30 எந்திரம் கொண்ட என்1 ரொக்கெட் இல்லை. என்1 நாலு முறை ஏவி நாலு முறையும் தோற்றது. அதை விட்டுவிட்டதால், மற்றப் பக்கம் சந்திரனுக்குப் போக முயலவே இல்லை என்று ஒரு பிள்ளை நினைத்துவிடும். அடுத்த பதிப்பில் சேர்க்கவேண்டிய முதல் தாள் அது.

கட்டும் வரிசையைப் பொதியின் இலக்கப்படி போகாதீர்கள். ரெட்ஸ்டோன், பிறகு ஜெமினியும் அஜீனாவும், பிறகு கட்டளைப் பகுதி, இறங்கு கலம், சட்டர்ன். கை பழகிய பிறகு கடைசியில் ஆர்-7 கூம்புகள். வாரத்தில் ஒரு பாடவேளை வீதம் நாலு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு தவணை பிடிக்கும். முடித்தவற்றைக் கறையான் ஏறாதபடி சுவரில் முட்டாமல் கம்பியில் தொங்கவிடுங்கள். சட்டர்னை மட்டும் கண்ணாடி அலுமாரியில் வையுங்கள், கிரவல் புழுதி வெள்ளை மட்டையில் படிந்தால் துடைத்தாலும் போகாது.